ரேடியோக்காரர் பதில்கள்: ஆவிக்கு எந்த ஸ்டேஷன்?

பூஞ்சை பிடித்த கேசட்டை எப்படிச் சுத்தம் செய்வது என்று போன இதழில் எழுதியிருந்தேன். போகிற போக்கில் 'செத்துப்போனவர் குரலும் சில சமயம் கிடைக்கும்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். பாட்டி பாடிய தாலாட்டு, தாத்தா கல்யாண வீட்டில் பேசியது, அந்த அர்த்தத்தில்தான். வந்த கடிதங்களைப் பார்த்தால் பாதிப் பேர் அதை வேறு மாதிரி படித்திருக்கிறார்கள். ஆடி அமாவாசை வேறு இப்போதுதான் முடிந்திருக்கிறது. சரி, இந்த இதழை ஆவிக்கே ஒதுக்கிவிடுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே 38 வருஷம் ரேடியோ, டேப் ரிப்பேர் கடை வைத்திருந்தவன் நான். பக்கத்துப் பட்டறையில் பாலிஷ் மோட்டாரைப் போட்டால் என் கடை ரேடியோ அத்தனையும் கரகரக்கும். அந்தக் கரகரப்புக்குள் பேச்சைத் தேடிப் பிடித்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

கேள்வி: ஐயா, நானும் நண்பர்களும் ஆன்லைனில், ஆவியோடு பேசலாம் என்று விற்கிற 'ஸ்பிரிட் பாக்ஸ்' ஒன்று வாங்கினோம். என் சித்தப்பா வேலை பார்க்கும் எஸ்டேட்டில் பூட்டிக் கிடக்கும் பழைய பங்களாவில் ராத்திரி 11 மணிக்கு அதை வைத்து, "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டோம். ஒரு பெண் குரல் "பன்னி" என்று தெளிவாகத் திட்டியது. மறுபடி கேட்டோம். மறுபடியும் "பன்னி". மூன்று பேருக்குமே கேட்டது. ரெக்கார்டிங் அனுப்பியிருக்கிறேன். (ஒரு வாசகர், ஏற்காடு)

பதில்: தம்பி, ரெக்கார்டிங்கை நாலு தடவை கேட்டேன். பன்னிதான், சந்தேகமே இல்லை. என் சின்ன மருமகள் ஓசூர்க்காரி. அடுப்படியிலிருந்து அவள் காதில் விழுந்து, சிரித்துக்கொண்டே வந்தாள். "மாமா, அது திட்டலைங்க. கன்னடத்துல பன்னின்னா வாங்கன்னு அர்த்தம்" என்றாள். அந்த அம்மாள் உங்களை மரியாதையாக 'வாங்க, வாங்க' என்று கூப்பிட்டிருக்கிறார். நீங்கள்தான் ஓடிவந்துவிட்டீர்கள்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு சாதாரண ரேடியோ. நாம் திருகி ஒரு ஸ்டேஷனில் நிறுத்துவோம். அது நிற்காமல், 88-இலிருந்து 108 வரை எஃப்.எம். முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் கண் இமைக்கும் நேரம். அதற்குள் ஒரு பாட்டின் துண்டு, ஒரு விளம்பரத்தின் அரைச் சொல், நடுவில் உஸ் என்று இரைச்சல். விளம்பரத்தில் 'வாங்க, வாங்க' என்பதைத்தானே திருப்பித் திருப்பிச் சொல்வார்கள்? இரண்டு தடவை வந்ததில் அதிசயம் இல்லை.

சேலத்துக்கு எப்படிக் கன்னடம் வந்தது என்று கேட்பீர்கள். சேலத்துக்கு வரவில்லை, ஏற்காட்டுக்கு வந்திருக்கிறது. எஃப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிற சாதி. பூமி வளைந்தால் அது வளையாது. அடிவாரத்தில் நிற்பவனுக்குத் தூரத்து ஸ்டேஷன் மறைந்துவிடும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிச் சுமார் 1500 மீட்டருக்கு வந்துவிட்டால், 160 கிலோமீட்டர் வரை அடிவானம் விரிகிறது. பெங்களூரு அங்கிருந்து காக்கா பறக்கிற கணக்கில் 150 கிலோமீட்டர்தான். அந்த ஊரே 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. என்னிடம் ரேடியோ வாங்கிய எஸ்டேட்காரர்கள், "கீழே உங்க கடையில எடுக்காத ஸ்டேஷனெல்லாம் மேலே எடுக்குதே, நீங்க என்ன மெக்கானிக்?" என்று கேலி செய்வதுண்டு.

ஒரு சோதனை சொல்கிறேன். பெட்டியை நல்ல மூடியுள்ள எவர்சில்வர் அரிசி டப்பாவில் போட்டு இறுக்கி மூடுங்கள். அலை உள்ளே போகாது. பேச்சு அடங்கி வெறும் இரைச்சல் மிஞ்சும். சுவர், கதவு எல்லாம் தாண்டி வருகிற ஆவியை ஒரு அரிசி டப்பா தடுத்தால், சேலம் உருக்காலைக்குப் பெருமைதான். போனில் இறக்குகிற 'ஆவி ஆப்' இன்னும் மோசம். அவற்றில் பலவற்றில் ரேடியோகூடக் கிடையாது. முன்னமே பதிந்து வைத்த சொற்களையும் எழுத்தொலிகளையும் குலுக்கிப் போட்டு எடுக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று. ராத்திரி 11 மணிக்கு அந்தப் பக்கம் சில்வர் ஓக் மரங்களுக்குள் நடமாடுவது பெரும்பாலும் காட்டெருமை. அது 'பன்னி' என்று கூப்பிடாது. பகலில் போங்கள்.

கேள்வி: பல்பு கண்டுபிடித்த எடிசன் ஆவியோடு பேசவும் ஒரு மெஷின் செய்தாராமே, நிஜமா? (கல்லூரி மாணவி, சேலம்)

பதில்: செய்யப்போவதாகச் சொன்னது நிஜம், கண்ணு. 1920-இல் பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். மனிதனுடைய ஆளுமை செத்த பிறகும் மிஞ்சுமானால், மேஜையைத் தட்டி ஆவியைப் பேச வைப்பதை விட நுட்பமான ஒரு கருவி அதற்கு வேண்டும், அதைத்தான் முயன்று வருகிறேன் என்று. 1931-இல் அவர் போன பிறகு அப்படி ஒரு மெஷினும் கிடைக்கவில்லை.

எடிசனை விட என்னை உலுக்கியவர் ஆலிவர் லாட்ஜ். எங்கள் தொழிலுக்கே அவர் பாட்டன். மார்க்கோனி பெயர் வாங்குவதற்கு முன்பே, 1894-இல், கம்பியில்லாமல் அலையை அனுப்பிப் பிடித்துக் காட்டிய இங்கிலாந்து விஞ்ஞானி. ஆவி விஷயத்தில் அவருக்கு முன்பே ஈடுபாடு உண்டு. 1915-இல் அவர் மகன் ரேமண்ட் போரில் செத்தான். அதன் பிறகு குறி சொல்கிறவர்களிடம் உட்கார்ந்து மகனோடு பேசியதாக நம்பி, அடுத்த வருஷம் ஒரு புத்தகமே போட்டார். அலை எது, இரைச்சல் எது என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுத்த மனுஷன். நான் அவரைக் கேலி செய்ய மாட்டேன். மகனைப் பறிகொடுத்தவன் காது வேறு காது.

எந்த மெஷின் புதிதாக வந்தாலும் பின்னாலேயே ஆவியும் வந்துவிடும், இதைக் கவனித்திருக்கிறாயா? 1844-இல் மோர்ஸ் தந்தி அடித்தார். நாலே வருஷத்தில், அதே அமெரிக்காவில் ஃபாக்ஸ் குடும்பத்துப் பெண்பிள்ளைகள் இருவர் தந்தி மாதிரியே 'டக் டக்' என்று ஆவி பதில் சொல்வதாகச் சொல்லி ஊரைக் கூட்டினார்கள். 1888-இல் அவர்களில் ஒருத்தி மேடையேறி, கால் விரல் மூட்டைச் சொடுக்கித்தான் அந்தச் சத்தம் என்று செய்தே காட்டினாள். டேப் வந்தது. 1959-இல் ஸ்வீடனில் யூர்கென்சன் என்ற ஓவியர் பறவைச் சத்தத்தைப் பதிந்துவிட்டுப் போட்டுக் கேட்டால், நடுவில் மனுஷக் குரல். அவரைப் பின்பற்றி ரவுடிவ் என்ற லாட்வியக்காரர் ஆயிரக்கணக்கில் பதிந்து தள்ளினார். அவருடைய ஆவிகள் ஒரே வாக்கியத்தில் மூன்று, நான்கு மொழி கலந்து பேசுமாம்.

மொழி கலந்து பேசுகிறது என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூரியன் மறைந்ததும் வானத்தின் மேலடுக்கில், பகலில் மீடியம் வேவ் அலையை விழுங்கிக்கொண்டிருக்கும் ஒரு படலம் கலைந்துபோகும். அப்புறம் நூற்றுக்கணக்கான மைல் தாண்டி ஸ்டேஷன்கள் வந்து ஒன்றன்மேல் ஒன்று விழும். செவ்வாய்பேட்டையில் பகலில் திணறுகிற இலங்கை வானொலி ராத்திரியில் கணீரென்று கேட்டது இதனால்தான். சரியாகக் கவசம் போடாத ஆம்ப்ளிபயர் என்றால், ரேடியோவே இல்லாமல்கூட அதைப் பிடித்துவிடும். ஐரோப்பாவில் நாலு தேசம் தள்ளி நாலு மொழி. ராத்திரியில் பிசாசு நடமாடும் என்று நம் பாட்டிகள் சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் நேரம் ஒத்துப்போகிறது.

கேள்வி: எங்கள் வீட்டுப் பழைய கேசட்டில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் யாரோ முணுமுணுக்கிறார்கள். பதியும்போது அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். (ஆசிரியர், ஆத்தூர்)

பதில்: மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். டேப் சுருளில் ஒரு சுற்றின் காந்தம் பக்கத்துச் சுற்றில் லேசாகத் தொற்றும். பாட்டு ஆரம்பிப்பதற்கு ஓரிரு விநாடி முன்னாலேயே அதன் நிழல் கேட்கும். அடுத்தது, பல டேப்ரெக்கார்டர்களில் சத்தத்தைச் சமன் செய்கிற சர்க்யூட் உண்டு; யாரும் பேசாவிட்டால் மெஷின் தானாகக் காதைத் தீட்டிக்கொள்ளும், எதிர்வீட்டுப் பேச்சுகூட உள்ளே வந்துவிடும். மூன்றாவதுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும்.

1986 என்று நினைவு. ஏற்காட்டிலிருந்து ஒரு எஸ்டேட் ரைட்டர், ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் இறங்கி என் கடைக்கு வந்தார். கம்பளியில் சுற்றி, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன். "பாட்டு முடியுற இடத்துல என் சம்சாரம் பேசுறா, தம்பி" என்றார். சம்சாரம் இறந்து இரண்டு வருஷம். போட்டுப் பார்த்தேன். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன், கிணற்றுக்கடியிலிருந்து வருகிற மாதிரி, "...உப்புப் போட்டாச்சா..." என்று ஒரு குரல். எனக்கே கை மயிர் சிலிர்த்தது.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். எரேஸ் ஹெட்டின் முகத்தில், டேப்பிலிருந்து உதிர்ந்த பழுப்புத் தூள் பிசினாக ஒட்டியிருந்தது. பழையதை அழிக்க வேண்டிய ஹெட் அது. டேப் அதை முழுசாகத் தொடாமல் மேலே மிதந்து போயிருக்கிறது. முன்பு எப்போதோ அந்த அம்மாள் அடுப்படியில் பேசியது அதே கேசட்டில் பதிவாகியிருக்க, பையன் அதன்மேல் ரேடியோவிலிருந்து பாட்டுப் பிடித்திருக்கிறான். பாதி அழிந்து, பாதி அழியவில்லை. பாட்டு ஓடும்போது மறைந்து, இடைவெளியில் எட்டிப் பார்க்கிறது.

நான் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு (ஆமாம், கடையில் அதற்கு அதுதான் பெயர்) ஹெட்டைத் துடைத்துவிட்டு, "ஐயா, இது ஆவி இல்லைங்க, அழுக்கு" என்றேன், பெரிய கெட்டிக்காரன் மாதிரி. அவர் சொன்னார்: "ஆவின்னு நான் எப்பப்பா சொன்னேன்? அவ குரல் வருதுன்னுதானே சொன்னேன். அந்த அழுக்கைத் துடைச்சுட்டியா?" துடைத்தாச்சு என்றதும் மனுஷன் முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. குரல் டேப்பில்தான் இருக்கிறது, ஹெட்டில் இல்லை என்று புரிய வைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. பிறகு கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல் இரண்டையும் ஸ்க்ரூடிரைவரால் உடைத்துக் கொடுத்தேன்; இனி யாரும் அதன்மேல் பதிய முடியாது. உடைந்த துணுக்குகளைக்கூட ஒரு தாளில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

ஆசிரியர் ஐயா, உங்கள் கேசட்டிலும் முதலில் அந்தப் பற்களை உடையுங்கள். யார் குரல் என்பதை அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: ஹாஸ்டலில் காசின் மேல் விரல் வைத்தால் அது நகர்ந்து எழுத்தைக் காட்டுகிறதே? (மாணவர், ஓமலூர்)

பதில்: 1853-இலேயே மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி இதைச் சோதித்துவிட்டார், ஆவி நகர்த்துவதாகச் சொன்ன மேஜையை வைத்து. தள்ளுகிறோம் என்று தெரியாமலேயே விரல் தள்ளும். எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டு, எழுத்துத் தாளையும் யாராவது திருப்பி வைத்துவிட்டு விளையாடிப் பாருங்கள். ஆவிக்கு எழுத்து மறந்துபோகும். பரீட்சை எப்போது?

கேள்வி: அப்பா போன வருஷம் தவறிவிட்டார். தறி நெய்தவர். அவர் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் 40, 50 என்னிடம் இருக்கிறது. அதைக் கொடுத்தால் ஏஐ மூலம் அப்பாவைப் பேச வைக்கலாம் என்கிறான் தம்பி. பின்னால் கேட்கும் தறிச் சத்தத்தை எடுத்துவிட்டுச் சுத்தம் செய்ய வேண்டுமாம். அம்மா அழுகிறாள், ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என்ன செய்ய? (வாசகி, அம்மாபேட்டை)

பதில்: அம்மா, தம்பி சொல்வது நடக்கிற காரியம்தான். சில நிமிஷக் குரல் இருந்தாலே போதும், அச்சு எடுத்த மாதிரி செய்துவிடுகிறார்கள். 2024-இல் ஏ.ஆர்.ரகுமான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏஐ கொண்டு ஒரு படப் பாட்டில் பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, பணமும் கொடுத்துத்தான் செய்ததாகச் சொன்னார். அதே வருஷம் யுவன் சங்கர் ராஜா, காலமான தன் அக்கா பவதாரிணி குரலில் ஒரு பாட்டைக் கொண்டுவந்தார். தென் கொரியாவில் 2020-இல் ஒரு டிவிக்காரர்கள், இறந்துபோன சிறுமியைக் கணினியில் உருவாக்கி, கண்ணில் ஒரு கருவியை மாட்டி, தாயை அவளோடு பேச வைத்தார்கள். தாய் கையை நீட்டித் தடவுகிறாள், காற்றுதான் இருக்கிறது. நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

ஆனால் பாட்டு வேறு, பேச்சு வேறு. பாட்டில் வரியை எழுதியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் வீட்டில் அப்பா குரலில் வரப்போவது தம்பி தட்டச்சு செய்த வரி, இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் கோத்த வரி. தொண்டை அப்பாவுடையது, சொல் அவருடையது இல்லை. என் பேரனும் எனக்கு இதைச் செய்தான். என் கடை டெஸ்ட் கேசட் ஒன்றில் என் வீட்டுக்காரி குரல் நாலு விநாடி இருக்கிறது. நான் 'மைக் டெஸ்டிங்' சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து, "டீ ஆறுது. குடிச்சிட்டு அப்புறமா அந்தப் பொட்டியைக் கொஞ்சுங்க" என்கிறாள். அதோடு கல்யாண வீடியோவில் இருந்ததையும் சேர்த்துப் போட்டு, பேரன் என் 70-வது பிறந்தநாளுக்கு அவளைப் பேச வைத்தான். "இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்" என்றது அந்தக் குரல். அவளேதான், அட்சரம் பிசகவில்லை. ஆனால் 41 வருஷக் குடித்தனத்தில் அவள் வாயில் அந்த வார்த்தை வந்ததே கிடையாது. பேரன் மனசு நோகக்கூடாது என்று நன்றாக இருக்கிறது என்றேன். இரண்டாவது தடவை கேட்கவில்லை.

உங்கள் அம்மாவுக்கு வேறு மாதிரி இருக்கலாம். அவரிடமே கேளுங்கள், தம்பி முடிவு செய்ய வேண்டாம். செய்தால் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எங்காவது ஏற்றிவிட்டு, அப்புறம் அதே குரலில் சொந்தக்காரர்களுக்கு 'அவசரமாகப் பணம் அனுப்பு' என்று போன் போனால் யாரைப் பிடிப்பது? குரலைத் திருடி ஏமாற்றுகிற வேலை இப்போது நிறைய நடக்கிறது.

அதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே ஒரு வேலை. அந்த 50 வாய்ஸ் நோட்டையும் வாட்ஸ்அப்பை விட்டு வெளியே எடுங்கள். போன் தண்ணீரில் விழுந்தால், தொலைந்தால், போச்சு. அப்பாவோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலை 'மீடியாவையும் சேர்த்து' என்று கொடுத்து எக்ஸ்போர்ட் செய்தால் குரல் ஃபைல்களும் சேர்ந்து வரும். ஒரு பென்டிரைவில் ஒன்று, அக்கா தங்கை யாரிடமாவது இன்னொன்று. தறிச் சத்தத்தை எடுத்துவிட்ட பிரதி வேண்டுமானால் தனியாக இருக்கட்டும். மூலத்தில் கை வைக்காதீர்கள். சுத்தம் செய்கிற மெஷினுக்குத் தறி என்பது இரைச்சல். அம்மாபேட்டையில் பிறந்த உங்களுக்கு அது என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் தறி நின்று, அப்பா ஒரு நொடி சும்மா இருந்து, அப்புறம் பேசுகிற இடம் ஏதாவது ஒன்றில் கட்டாயம் இருக்கும். அதைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு வயது 74. மனைவி இறந்து ஏழு மாதம். அவள் போன் மேஜைமேல் இருக்கிறது. தினமும் ராத்திரி என் போனிலிருந்து அதற்கு அடிக்கிறேன். மணி அடிக்கும், நின்றுவிடும். சில நாள் பேசவும் செய்கிறேன். மகனுக்குத் தெரிந்தால் டாக்டரிடம் கூட்டிப்போவான். மெக்கானிக்கிடம் கேட்கிற கேள்வி இல்லைதான். (அஸ்தம்பட்டி வாசகர்)

பதில்: மெக்கானிக்கிடம்தான் கேட்க வேண்டும் ஐயா. ஜப்பானில் ஓட்சுச்சி என்ற கடலோர ஊரில் ஒருவர், 2010-இல் தன் தோட்டத்தில் ஒரு டெலிபோன் கூண்டை வைத்தார். உள்ளே பழைய சுழற்றும் போன். ஒயர் எங்கேயும் போகாது. இறந்துபோன சொந்தக்காரர் ஒருவரோடு பேசத்தான் வைத்தார். அடுத்த வருஷம் சுனாமி வந்து அந்த ஊரில் பலரைக் கொண்டுபோனது. அதிலிருந்து எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்து, வீட்டு எண்ணைச் சுழற்றி, ரிசீவரைக் காதில் வைத்துப் பேசிவிட்டுப் போகிறார்கள். 'காற்றுத் தொலைபேசி' என்று பெயர். பதில் வருகிறது என்று அங்கே யாரும் ஏமாற்றுவதில்லை. இந்த வரிசையில் எனக்குப் பிடித்த மெஷின் அது ஒன்றுதான், ரிப்பேருக்கும் வராது. நம் ஊரில் அமாவாசைக்குச் சோற்றை வைத்துவிட்டுக் காக்காயை "வா, வா" என்று கூப்பிடுகிறோமே, அதைப் பார்த்து எந்த மகனும் டாக்டரிடம் கூட்டிப்போவதில்லை. சாப்பாடு இறங்காமல், தூக்கம் வராமல் போனால் மட்டும் நீங்களே மகனிடம் சொல்லுங்கள்.

இனி என் வேலை. அம்மாவின் சிம்முக்கு ரீசார்ஜ் தவறவிடாதீர்கள். தவறி எண் ரத்தாகிவிட்டால், 90 நாள் போன பிறகு கம்பெனி அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம். அப்புறம் ஒருநாள் நிஜமாகவே யாராவது எடுத்து "ஹலோ" என்பார்கள். உங்கள் இருவருக்குமே அது நல்லதில்லை. இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு கம்பெனி கடைக்குப் போய், எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். போனை எந்நேரமும் சார்ஜரிலேயே விட்டுவைக்காதீர்கள், பேட்டரி உப்பிவிடும். பாதிக்குக் கீழே இறங்கினால் போட்டு, 80-க்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மகன் கேட்டால் கேஸ் சிலிண்டருக்கு என்று சொல்லுங்கள்.